அரைச் சட்டி

வருஷக்கணக்காக ஊரையே மேலே தூக்கி இறக்கிய மனிதர், சொந்த வீட்டுக்குப் போக முடியாமல் முதல் படியில் உட்கார்ந்திருந்தார்.

கடைத்தெரு முனையில் இருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தில் அவர் லிஃப்ட் ஆபரேட்டர். வக்கீல், பல் டாக்டர், இன்ஷூரன்ஸ்காரர், டைப்பிங் கிளாஸுக்கு வரும் பெண்கள் என்று யார் வந்தாலும் ஸ்டூலை விட்டு எழாமல் பொத்தானைத் தட்டி அனுப்பி வைப்பார். ஆனால் அவர் குடியிருந்த பழைய கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வீடோ மூன்றாவது மாடி. இத்தனை காலம் அது அக்கம்பக்கத்தில் ஒரு தமாஷாக ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அந்தத் தமாஷ் செத்துப்போனது.

"தோளைப் பிடிச்சுக்குங்க" என்றாள் மனைவி. ஒரு கையில் தலையணை, இன்னொரு கையில் மருந்துப் பை.

"இரு. மூச்சு வரட்டும்."

"வரட்டும், வரட்டும். மேல என்ன கலெக்டரா காத்துக்கிட்டிருக்கார்?"

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தது. பிறகு நெஞ்சில் நீர் கோத்து, நீர் சீழாகி, விலாவில் ஓட்டை போட்டுக் குழாய் சொருகி வடித்தார்கள். வடித்தது போக மிஞ்சியிருந்தது, சட்டைக்குள் தொங்கிய ஓர் எலும்புக்கூடு. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து அவர் வீட்டுக் கதவைத் தொட்டபோது, கீழே வந்து இறங்கியபோது கொதித்துக்கொண்டிருந்த வெயில் சாய்ந்தேவிட்டது.

டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார்.

"உங்க வலது நுரையீரல் அடிப்பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு. அது விரியணும். படுத்துக்கிட்டே இருந்தா விரியாது. நடங்க, கையைக் காலை அசைங்க, கொஞ்சம் கொஞ்சமா வேலை செய்யுங்க, நல்லா மூச்சு வாங்கட்டும். மழைக்காலத்துக்கு முன்னாடி மறுபடி படம் எடுத்துப் பார்ப்பேன். அப்பவும் விரியலைன்னா, திறந்து சுரண்டி எடுக்கிறதைத் தவிர வழியில்லை."

திறந்து என்றால் நெஞ்சை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதிலிருந்து மனைவிக்குப் பாதி உயிர்தான்.

அவள் தையல்காரி. பள்ளிக்கூட யூனிஃபார்ம் மொத்தமாக வாங்கித் தைப்பாள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே மெஷினை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இவர் இருமினால் மெஷின் நிற்கும். புரண்டு படுத்தால் நிற்கும். தண்ணீர்க் குடத்தின் பக்கம் இவர் கை போனால் போதும், "ஐயோ, விடுங்க!" என்று பாய்ந்து வருவாள். கத்தரிக்கோலைக்கூட இவர் தூக்கவிடவில்லை. டாக்டரம்மா சொன்னது இரண்டு பேர் காதிலும்தான் விழுந்தது. ஆனால் "அசைங்க" என்பது அவள் காதுக்குள் போய் "ஆடாம அசையாம இருங்க" என்று மாறிவிட்டது.

இப்படியே போயிருந்தால் கத்திதான். நடுவே வந்து கெடுத்தவர் அவளுடைய அண்ணன்.

அவர் மேஸ்திரி. ஊருக்கு வெளியே ஓடும் பாசன வாய்க்காலில், தண்ணீர் விடும் முன் தூர் வாருகிற குழு ஒன்று அவர் கையில் இருந்தது. ஒருநாள் மத்தியானம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். படியேறி வந்த வேகத்தில் கதவு படீரென்று சுவரில் மோதியது.

"என்ன மாப்ளே, இன்னும் கட்டிலை விட்டுக் கீழ இறங்கலையா? லிஃப்ட் வரலையோ?"

"வந்துட்டியா மச்சான், கேலி பண்ண?"

"கேலி இல்லய்யா. உன்னைப் பார்த்தா கொடியில காயப்போட்ட துணி மாதிரி இருக்கே. எழுந்து வா என்கூட. வாய்க்கால்ல நில்லு. சட்டி கைமாத்து."

மெஷின் சட்டென்று நின்றது.

"அண்ணே! உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? படியேற முடியாத மனுஷனைச் சேறு சுமக்கக் கூப்பிடறியே!"

"சுமக்கச் சொல்லலை பாப்பா. நின்ன இடத்துல நின்னு வாங்கிக் குடுக்கச் சொல்றேன். ஒரு அடி நடக்க வேண்டாம்."

"தூசி ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"ஈரச் சேத்துல தூசி எங்கேருந்து வரும்? உன் துணிப்பஞ்சுதான் பறந்து பறந்து இவர் மூக்குல போகுது."

அவள் மடியிலிருந்த பிசிறைத் தட்டிவிட்டாள். உண்மைதான். அறை முழுக்க நூலும் பிசிறும் மிதந்துகொண்டிருந்தன.

"நான் போறேன்" என்றார் லிஃப்ட்காரர்.

தைரியத்தில் சொன்னதல்ல. காலையில் அவருடைய வேட்டியை அவள் கட்டிவிட்டிருந்தாள். அந்த அவமானத்தில் சொன்னது. தங்கை அண்ணனை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். அங்கே ரொம்ப நேரம் கிசுகிசுப்பு. திட்டுகிறாள் போலிருக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டார்.

வாய்க்கால் என்றால் இரண்டு ஆள் ஆழம், ஒரு பஸ் திரும்புகிற அகலம். அடியில் கருப்பாக, வழவழவென்று சேறு. மண்வெட்டியால் வெட்டி இரும்புச் சட்டியில் அள்ளினால், அந்தச் சட்டி சரிவில் நிற்கும் ஆட்களின் கை மாறிக் கை மாறி மேலே போய்க் கரையில் கவிழும். காலிச் சட்டி பக்கத்திலேயே சறுக்கிக்கொண்டு கீழே வரும். காலையிலிருந்து வெயில் உச்சிக்கு வரும்வரை இதுதான். பிறகு சாப்பாடு, மர நிழலில் ஒரு படுக்கை, மறுபடி சட்டி.

சேறு அள்ளுகிறவர் நெட்டை. குனிந்தால் இரண்டாக மடிந்த மாதிரி இருப்பார். சரிவின் நடுவில் சோடா. ஒரு காலத்தில் கால் தரையில் நிற்காத குடி. இப்போது கல்யாண வீட்டில்கூட சோடா மட்டும்தான், அதனால் அந்தப் பேர். கரைமேல் நின்று சட்டியைக் கவிழ்ப்பது ஓர் அம்மாள். எல்லோருக்கும் அவர் கரையக்கா. அவருடைய நாக்குக்கு மேஸ்திரியே ஒதுங்கித்தான் போவார். சோடாவுக்கும் கரையக்காவுக்கும் நடுவில் இடம் காட்டினார் மேஸ்திரி.

"மாப்ளே, ஒண்ணே ஒண்ணுதான் விஷயம். சட்டி கைக்கு வரும்போது மூச்சை உள்ள இழு. அடுத்த கைக்குக் குடுக்கும்போது 'வாங்கு'ன்னு கத்து. கத்தினாத்தான் மேல இருக்கிற ஆள் தயாரா கை நீட்டும். இங்க 'வாங்க போங்க' எல்லாம் கிடையாது. எனக்கும் வாங்குதான், அக்காவுக்கும் வாங்குதான்."

"முனகினா நான் வாங்க மாட்டேன்" என்று மேலிருந்து குரல் வந்தது. "சட்டி உன் கால்மேலதான் விழும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

"வாங்கு!" என்றார் சோடா.

முதல் சட்டி வந்தது. லிஃப்ட்காரர் இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பி, வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கரையக்கா அவர் உதட்டைப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

"என்னய்யா இது, ஊமைப் படமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், விலாவில் சுரீரென்றது. கொஞ்ச நேரத்திலேயே கண்ணில் பூச்சி பறந்தது. சரிவிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் ஓடி வரவில்லை, யாரும் "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. சோடா ஓர் அடி மேலே ஏறி நின்று, அவர் தலைக்கு மேலாகச் சட்டியைக் கடத்திக்கொண்டே இருந்தார்.

"மேல போறதா, கீழ போறதா சார்?" என்று கேட்டார் குனிந்து.

"நடுவுல நின்னுடுச்சுப்பா" என்றார் லிஃப்ட்காரர்.

"பரவாயில்லை. கரண்ட் வந்ததும் சொல்லுங்க."

கரண்ட் வந்தது. எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு உப்பு உறைத்தது. அவித்த முட்டையும் பச்சை வெங்காயமும் அப்படி ருசிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். நிழலில் சாய்ந்தவர் குறட்டை விட்டார். அதைக் கேட்டுக் கரையக்கா சொன்னார்: "வாங்குன்னு சொல்லத்தான் சத்தம் வரலை. இதுக்கு மட்டும் இன்ஜின் ஓடுது பாரு!"

இப்படித்தான் ஆரம்பித்தது.

நாட்கள் போகப் போக வாய்க்கால் நீண்டுகொண்டே போனது. குழு தினமும் கொஞ்சம் முன்னால் நகர, இவரும் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டியிருந்தது. சேற்றிலிருந்து என்னென்னவோ வந்தன. ஜோடியில்லாத செருப்புகள், அலுமினியக் கரண்டி, ஒருநாள் ஒரு முழு சைக்கிள். சக்கரத்தில் காற்று மட்டும் இல்லை. நெட்டை அதைக் கழுவி ஏறி உட்கார்ந்து, கரையில் மிதிக்கிற மாதிரி பாவனை காட்டினார். அன்று சிரித்தபோது விலாவில் வலிக்கவில்லை என்பது லிஃப்ட்காரருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

'வாங்கு' உதட்டிலிருந்து தொண்டைக்கு இறங்கியது. தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு. ஒருநாள் இவர் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த கொக்கு பறந்துபோனது. கரையக்கா காதைப் பொத்திக்கொண்டார். "அம்மாடி! நான் இங்கதானே நிக்கிறேன், அடுத்த ஊருக்கா குடுக்கிறே?"

தோல் கறுத்தது. உள்ளங்கை காய்த்தது. சட்டைக்குள் மறுபடி ஆள் வந்து குடியேறினான்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் புரியவில்லை. எவ்வளவு சீக்கிரம் போனாலும் குழு முன்னாலேயே வந்திருக்கும். கரையில் புதுச் சேறு குவிந்து ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். "சீக்கிரமே வந்துட்டீங்களா?" என்று கேட்டால், "தூக்கம் வரலை" என்பார் நெட்டை. எல்லோருக்குமா தூக்கம் வராது? கேட்கத் தோன்றியது. சட்டி வந்துவிட்டது. விட்டுவிட்டார்.

குண்டு வெடித்தது டீக்கடையில்.

எதிர்த்திசையிலிருந்து இன்னொரு குழு தூர் வாரிக்கொண்டு வந்தது. அந்தக் குழுவில் ஒரு மீசைக்காரர். சாயங்காலம் டீ குடிக்கப் போன லிஃப்ட்காரரைப் பார்த்ததும் அந்த மீசை விரிந்தது.

"வாங்க அரைச்சட்டி! என்ன சாப்பிடறீங்க, அரை டீயா, முழு டீயா?"

கடையில் சிரிப்பு. லிஃப்ட்காரருக்கு விளங்கவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"அட, உங்க குழுவுக்கே அதானே பேரு! அரைச்சட்டி கும்பல். நீங்க வந்த நாளிலேருந்து நெட்டை பாதிச் சட்டிதானே அள்ளுறான். உங்களுக்குப் பாதின்னா வரிசையில எல்லாருக்கும் பாதிதானே. மிச்சத்தை ஈடுகட்ட விடியறதுக்குள்ள வந்து நீங்க வர்றதுக்கு முன்னாடி வெட்டித் தள்ளுறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

டீ கையிலேயே ஆறியது.

சட்டென்று எல்லாம் சேர்ந்துகொண்டது. விடியற்காலைக் குவியல். தூக்கம் வராத நெட்டை. இன்னொன்றும் கண்முன் வந்தது. சோடாவின் சட்டை முதுகில் நீலக் கட்டம் போட்ட ஒட்டு. நெட்டையின் கால்சட்டை முழங்காலில் அதே நீலக் கட்டம். கரையக்கா தலையில் சும்மாடாகச் சுற்றியிருந்த துணி, ஓரம் மடித்துத் தைத்த அதே நீலக் கட்டம். அது எந்தத் துணி? இந்த வருஷத்துப் பள்ளிக்கூட யூனிஃபார்ம். எந்த மெஷினில் தைத்தது? அவருடைய கட்டிலுக்குப் பக்கத்து மெஷினில்.

டம்ளரை வைத்துவிட்டு நடந்தார். நடையா அது? தெருவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். வழியெல்லாம் அவளிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை. கதவைத் தள்ளினார்.

மெஷினுக்கு முன்னால் இருந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"உன் அண்ணன்கிட்ட என்ன சொன்னே?"

"என்னங்க?"

"அன்னிக்கு வாசல்ல நின்னு குசுகுசுன்னு என்ன சொன்னே? பாதிச் சட்டி போடச் சொன்னியா?"

அவள் மெஷினை விட்டு எழுந்தாள். கையில் ஊசி.

"ஊரே சிரிக்குது! உடம்பு தேறிடுச்சுன்னு நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத் திரியறேன். அங்க என்னடான்னா பொம்மைச் சட்டியைக் குடுத்து விளையாட்டுக் காட்டிக்கிட்டிருக்காங்க! நான் சுமந்தது பாதி, மிச்சப் பாதியை இருட்டுல வந்து அவங்க சுமந்திருக்காங்க! அதுக்குக் கூலியா நீ கிழிசல் தைச்சுக் குடுக்கறே! என்னை என்னன்னு நினைச்சே?"

"கெஞ்சினேன்" என்றாள் அவள். குரல் நடுங்கியது, ஆனால் தாழவில்லை. "அண்ணன் கால்ல விழாத குறையா கெஞ்சினேன். பாதியாவது குறை, இல்லைன்னா அனுப்ப மாட்டேன்னேன். அது சரின்னுச்சு. மறுநாள் நீங்க தூங்கறப்ப அவங்க எல்லாருமே கீழ வந்து, நாங்க பார்த்துக்கிறோம்னாங்க. எனக்குக் குடுக்கிறதுக்கு என்ன இருக்கு? ஊசியும் நூலும் இருக்கு. கிழிசலைக் குடுங்கன்னு வாங்கிக்கிட்டேன். தப்புன்னா தப்புதான். திட்டுங்க."

"திட்டத்தான் போறேன்."

"திட்டுங்க. டீக்கு மட்டும் கொஞ்சம் பொறுங்க. இன்னும் அடுப்பே பத்த வைக்கலை."

"எனக்கு டீ வேண்டாம். ஏன், தினமும் வரும்போது தயாரா இருக்குமே?"

"இரண்டாவது மாடித் திருப்பத்துல நீங்க உட்கார்ற சத்தம் கேட்டதும்தான் பத்த வைப்பேன். கைப்பிடி கிரீச்சுனு ஒரு சத்தம் போடும். நீங்க எழுந்து வந்து சேர்றதுக்கும் டீ கொதிக்கிறதுக்கும் சரியா இருக்கும். இன்னிக்கு அந்தச் சத்தமே வரலை. திடீர்னு..."

அவள் நிறுத்தினாள்.

அவரும்.

இரண்டு பேரும் திறந்திருந்த கதவைப் பார்த்தார்கள். கதவுக்கு வெளியே படிகள்.

"நீங்க எங்கயுமே உட்காராம வந்தீங்களா?"

அவர் யோசித்தார். முதல் மாடி ஞாபகம் இல்லை. இரண்டாவது மாடி ஞாபகம் இல்லை. கோபம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. இப்போது கத்தியது அத்தனையும் மூச்சு வாங்காமல் கத்தியிருக்கிறார்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இன்னும் கொஞ்சம் திட்டுங்களேன். கேக்க நல்லா இருக்கு."

திட்டு மிச்சமில்லை. ஆனால் உள்ளே ஒரு முள் இருந்தது. படியேறினது சரி. சட்டி பாதிதானே?

மறுநாள் இவரும் விடியும் முன்பே வாய்க்காலில் இருந்தார். குழு அப்போதுதான் வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மாப்ளே, தூக்கம் வரலையா?" என்றார் மேஸ்திரி.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு மச்சான். இன்னிக்கு எனக்கு முழுச் சட்டி வேணும். நெட்டை, நிறைச்சு அள்ளு. பாதி வந்துச்சுன்னா திருப்பிக் கீழயே கொட்டுவேன்."

நெட்டை மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி சோடாவைப் பார்த்தார். நெட்டை மடிந்து, வெட்டி, அள்ளினார். சட்டி கை மாறி வந்தது.

"வாங்கு!"

வாங்கினார். திரும்பினார். கொடுத்தார். நேற்றைக்கு இருந்த அதே கனம்.

"நான் என்ன சொன்னேன்? முழுச் சட்டின்னு சொன்னேனா இல்லையா?"

"முழுச் சட்டிதான்யா இது" என்றார் நெட்டை.

"யார்கிட்ட கதை விடறே?"

கரையக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. கரையில் நடந்து, எதிர்க்குழு மரத்தடியில் வைத்திருந்த சட்டி ஒன்றைத் தூக்கி வந்து நெட்டைக்குப் பக்கத்தில் உருட்டிவிட்டார். "இதுல அவங்க அள்ளுற மாதிரி அள்ளு. அவர் கையாலேயே தூக்கிப் பாக்கட்டும்."

நெட்டை அள்ளினார். லிஃப்ட்காரர் கீழே இறங்கிப்போய் இரண்டு சட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். மாற்றித் தூக்கிப் பார்த்தார். அவர் தினமும் வாங்கிக் கொடுத்த சட்டிதான் கொஞ்சம் கூடுதலாகக் கனத்தது.

"மேஸ்திரி தங்கச்சி... அதாவது உன் வீட்டம்மா கேட்டதுக்குப் பாதியிலதான் ஆரம்பிச்சேன்" என்றார் நெட்டை, மண்வெட்டியில் சாய்ந்தபடி. "அப்புறம் ஒரு விரல் ஏத்தினேன். நீ ஒண்ணும் சொல்லலை. இன்னொரு விரல். நீ 'வாங்கு'ன்னு கத்திக்கிட்டே இருந்தே. சைக்கிள் கிடைச்சுதே, அந்த வாரத்துலேருந்தே முழுச் சட்டிதான்."

"அப்ப அந்த மீசைக்காரர்?"

"பேரு வச்சா லேசுல போகுமா? நான் குடிச்சுப் பல வருஷம் ஆச்சு. இன்னும் என் மாமியார் என் வாயை மோந்து பாக்கிறா" என்றார் சோடா. "நீங்க பாதியில ஆரம்பிச்சீங்க. நான் இங்க வந்தப்ப கை இப்படி நடுங்கும். எனக்குக் கால் சட்டிதான். அதையும் கீழ போட்டு அக்கா காலை உடைக்கப் பாத்தேன்."

"இன்னும் மழைக்கு வலிக்குது" என்றார் கரையக்கா.

லிஃப்ட்காரர் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தார். "அப்ப ஏன் இன்னும் விடியக்காலையில வர்றீங்க?"

"பழகிப்போச்சுய்யா. அப்புறம், வெயிலும் கம்மி."

"தையலை மட்டும் நிறுத்தச் சொல்லிடாதே மாப்ளே" என்றார் மேஸ்திரி. "இங்க கிழியறது இன்னும் கிழிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. ம், நில்லுங்க வரிசையில. பேச்சு போதும்."

நின்றார்கள். இவர்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட வேண்டும் என்று லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் சோடா கையிலிருந்து அடுத்த சட்டி வந்துவிட்டது. "வாங்கு!" என்றுதான் சொல்ல முடிந்தது. கொஞ்சம் கரகரவென்று வந்தது. கரையக்கா அன்று மட்டும் கேலி செய்யவில்லை.

மேகம் திரண்டு நின்ற ஒரு காலையில் புருஷனும் பெண்டாட்டியும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. டாக்டரம்மா முதுகில் குழலை வைத்தார். இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். இடம் மாற்றி வைத்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பழைய படத்தையும் பிடித்தார்.

"என்ன வேலை செய்தீங்க?"

"சேறு வாங்கிக் குடுத்தேன்மா. அப்புறம் கத்தினேன்."

"கத்தினீங்களா?"

"ஆமாம்மா. 'வாங்கு'ன்னு."

"எங்க, கத்துங்க பார்ப்போம்."

அவர் தயங்கினார். பிறகு இழுத்து ஒரு 'வாங்கு' விட்டார். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். நர்ஸ் ஓடி வந்தாள்.

டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பு. "விரிஞ்சிடுச்சு. கத்தி வேண்டாம். வீட்டுக்குப் போங்க."

மனைவி எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், "முழுச் சட்டியே தொடர்ந்து தூக்கலாங்களா?" என்று கேட்டாள். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார்.

மதகு திறந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். தூர் வாருகிற வேலை முடிந்தது. லிஃப்ட்காரர் தன் லிஃப்டுக்குத் திரும்பினார். முதல் காரியமாக அந்த ஸ்டூலைத் தூக்கி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் தூர் வாரும் காலத்தில் லீவு வேண்டும் என்று மேனேஜரிடம் இப்போதே சொல்லி வைத்தார். மேனேஜர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆனால் நெஞ்சில் ஒரு பாக்கி இருந்தது. நன்றி சொல்லவில்லை. சொல்லப்போனால் கரையக்கா விரட்டியடிப்பார். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அவரிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? மனைவிக்கு ஊசியும் நூலும் இருந்தன. அவருக்கு?

யோசித்தார். பளிச்சென்று தெரிந்தது. லிஃப்ட் இருந்தது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகங்கள் எல்லாம் பூட்டியிருந்த நேரத்தில், மேனேஜரிடம் அனுமதி வாங்கிக் குழுவைக் கட்டடத்துக்கு வரச் சொன்னார். எல்லோரும் தலை வாரி, துவைத்த சட்டையில் வந்தார்கள். சட்டைகளில் நீலக் கட்ட ஒட்டுகள் மொரமொரவென்று இஸ்திரி போட்டு நின்றன. மனைவி எல்லோருக்கும் சமைத்து, ஒரு பெரிய பாத்திரத்தில் சோறும் குழம்பும் கலந்து, மூடித் துணியால் கட்டி, அண்ணன் தலையில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"இங்க என்ன மாப்ளே காட்டப்போறே? பல் டாக்டரா?"

"மொட்டை மாடிக்குப் போறோம் மச்சான். ஏறுங்க."

நெட்டை தலையைக் குனிந்து ஏறினார். கரையக்கா வாசலில் ஒரு கணம் நின்று, "இது அறுந்து விழாதே?" என்று கேட்டு, பதில் வரும் முன் ஏறிவிட்டார். சோடா, மேஸ்திரி, குழுவில் மற்றவர்கள், கடைசியில் மனைவி. லிஃப்ட்காரர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு காலை உள்ளே வைத்தார்.

கீ... என்று லிஃப்ட் அலறியது.

காலை எடுத்தார். அலறல் நின்றது. வைத்தார். அலறியது.

"முழுச் சட்டி ஆயிடுச்சுய்யா!" என்றார் நெட்டை. லிஃப்டே குலுங்கியது சிரிப்பில்.

"நான் இறங்கிக்கிறேன்" என்றாள் மனைவி. "பாத்திரத்தோட நீங்க ஏறுங்க."

"நீ இரு. சோடா, ஆறாவது பொத்தானைத் தட்டுங்க. நான் வர்றேன்."

"எப்படி வருவீங்க? ஆறு மாடிங்க! பாத்திரம் வேற..."

கதவு மூடிக்கொண்டது. அவள் முகம் கடைசிக் கீற்றாக மறைந்தது.

லிஃப்ட்காரர் பாத்திரத்தைத் தோளில் ஏற்றினார். இத்தனை வருஷம் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவர், அதன் படிகளில் கால் வைத்ததே இல்லை. ஒரு மாடி. பாத்திரத்தின் சூடு கழுத்தில் இறங்கியது. இரண்டு மாடி. இழு, விடு. இழு, விடு. வியர்வை கண்ணில் விழுந்தது. நெஞ்சின் அடிப்பக்கம், முன்பு ஒட்டிக்கிடந்த அந்த மூலைவரை காற்று போய்த் திரும்புவது தெரிந்தது. வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருந்த அறையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி.

ஐந்தாவது மாடித் திருப்பத்தில் தோள் மாற்றுவதற்காக நின்றார். மேலே பேச்சுச் சத்தமே இல்லை. இவ்வளவு பேர் இருந்தும் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. ஏன் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் எல்லோர் வாயையும் மூடச் சொல்லிவிட்டுப் படிக்கட்டின் மேல் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கைப்பிடி கிரீச்சிடுகிறதா, அவர் உட்காருகிறாரா என்று.

பாத்திரத்தை அடுத்த தோளுக்கு மாற்றினார். கைப்பிடியைத் தொடவில்லை. ஏறினார்.

கடைசித் திருப்பத்தில் அவளுடைய கால்கள் தெரிந்தன. பிறகு நெஞ்சில் அழுத்திய கைகள். அவளுக்குப் பின்னால் நீலக் கட்ட ஒட்டுகள். அவர்களுக்கும் பின்னால் திறந்த மொட்டை மாடி. அதற்கப்பால், மழை கழுவிய வெளிச்சத்தில், அவர்கள் கை மாற்றிக் கை மாற்றித் தூர் வாரிய வாய்க்கால் விளிம்பு தளும்ப வெள்ளியாக ஓடிக்கொண்டிருந்தது.

பாத்திரத்தைத் தோளிலிருந்து இறக்கி இரண்டு கையிலும் ஏந்தினார். மூச்சை அடிவரை இழுத்தார்.

"வாங்கு!"

அந்தச் சத்தம் ஆறு மாடியும் இறங்கிப் போய்த் திரும்பி வந்தது.

அவள் காலை அகட்டி நின்று, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். கனத்தில் ஒரு கணம் தடுமாறினாள்.

"என்னங்க, இவ்வளவு கனமா இருக்கு!"

"முழுசு" என்றார் லிஃப்ட்காரர்.